ரோட்டுக்குப் போவது 40 சென்ட்... மீதிக் காட்டுக்கு என்ன வழி?

நெடுஞ்சாலைக்காக அளவுக்கல் நட்டுப் போன நாளிலிருந்து ஒரு குடும்பத்தில் பேச்சு ஒன்றுதான். ‘சென்ட்டுக்கு எவ்வளவு கொடுப்பாங்க?’ இரண்டரை ஏக்கர் தோட்டத்தில் 40 சென்ட் ரோட்டுக்குப் போகிறதென்றால், வி.ஏ.ஓ. அலுவலகம் முதல் டீக்கடை வரை அந்த 40 சென்ட்டைப் பற்றியே விசாரிப்பார்கள். மீதியிருக்கும் 2 ஏக்கர் 10 சென்ட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால், நஷ்டம் பெரும்பாலும் அந்த மீதியில்தான் வருகிறது. அதுவும் ரோடு போட்டு முடித்து, கார்கள் ஓட ஆரம்பித்த பிறகு, ஒவ்வொன்றாகத் தெரிய வரும்.

கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள விவசாயிகளுக்கு இது புதிதல்ல. கோவைக்குக் கடற்கரை கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரில் உட்கார்ந்திருப்பதால் ரோடுதான் அந்த ஊரின் பிழைப்பு. அவிநாசி, திருச்சி, பொள்ளாச்சி, பாலக்காடு, மேட்டுப்பாளையம், சத்தி என்று திசைக்கொரு சாலை. அவற்றில் சேலம் - கொச்சி சாலையை நகருக்குள் விடாமல் திருப்பிவிட, 1990-களின் இறுதியில் நீலம்பூரிலிருந்து மதுக்கரைக்கு சுமார் 28 கி.மீ. புறவழிச்சாலை போடப்பட்டது. இப்போது மேற்குப் பக்கத்தில், மதுக்கரை அருகேயுள்ள மைல்கல்லில் தொடங்கி மாதம்பட்டி, வடவள்ளி, பன்னிமடை வழியாக நரசிம்மநாயக்கன்பாளையம் வரை சுமார் 32 கி.மீ. தூரத்துக்கு மேற்குப் புறவழிச்சாலை. அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. நீளத்துக்கு எழும்பிய மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டு, ஜி.டி.நாயுடுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தப் பெயர் பொருத்தமானதுதான். சூலூர் பக்கம் கலங்கலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். பருத்தியிலும் பப்பாளியிலும் சோதனை செய்து பார்த்தவரும் அவரே. அந்தக் காலத்து பஸ் விவசாயத்தைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. பஸ் எங்கே நின்று ஆளை ஏற்றுமோ அந்த இடத்தைச் சுற்றி நாலு கடை, பத்து வீடு வரும். அதைத் தாண்டி நடக்கிற தூரம் முடிந்தால் காடுதான். மில்லுக்குப் போனவர்களும் சைக்கிளில் போய்விட்டு வந்து, மாலையில் மாட்டுக்குத் தட்டு போட்டார்கள்.

கார் வேறு கதை. காருக்கு ‘நிறுத்தம்’ கிடையாது. கார் வைத்திருப்பவர் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி வீடு கட்டினாலும் அவருக்கு ஐந்து நிமிடம்தான் கூடுதல். ஆகவே, ரோட்டை ஒட்டிய நிலம் மட்டுமல்ல, இருபுறமும் உள்ளே தள்ளியிருக்கும் பூமி முழுவதும் ‘சைட்’ ஆகிவிடுகிறது. சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி, வீரகேரளம், விளாங்குறிச்சி எல்லாம் ஒரு தலைமுறைக்கு முன்பு சோளமும் பருத்தியும் பேசிய ஊர்கள். 2011-ல் இவற்றையெல்லாம் சேர்த்துக்கொண்டபோது கோவை மாநகராட்சியின் பரப்பு சுமார் 105 சதுர கி.மீட்டரிலிருந்து 257 சதுர கி.மீ. ஆனது. இந்த எல்லைக்கோடு விவசாயியின் பையில் எப்படிக் கை வைக்கும் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் தண்ணீர்.

ரோட்டு மேடும் ஒரு கரைதான்!

கோவையின் பூமி மேற்கே மலையடிவாரத்திலிருந்து கிழக்கே சரிகிறது. நொய்யல் வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் உருவாகி, சுமார் 180 கி.மீ. கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. ஓடைகளும் பள்ளங்களும் அதே சரிவில்தான் ஓடுகின்றன. சித்திரைச்சாவடி அணைக்கட்டில் பிரியும் வாய்க்கால் கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிரப்பியது. இந்தச் சரிவுக்குக் குறுக்கே, தெற்கிலிருந்து வடக்காக ஒரு சாலை போகிறதென்றால், அது ஒவ்வொரு பள்ளத்தையும் வாய்க்காலையும் வெட்டித்தான் போகவேண்டும். வேறு வழியில்லை.

நெடுஞ்சாலையைத் தரைமட்டத்தில் போடமாட்டார்கள். மண் கொட்டி, உருட்டி, மேடாக்கித்தான் போடுவார்கள். தண்ணீரைப் பொறுத்தவரை அது ஒரு புதுக் கரை. ஓடை வருகிற இடத்தில் சிறுபாலம் வைத்தால் பிரச்னை இல்லை. ஆனால், நம்முடைய பல ஓடைகள் வருடத்தில் பத்து நாள்கூட ஓடுவதில்லை. கோவை மழை மறைவுப் பகுதி. சர்வே எடுக்க வருகிறவர்கள் சித்திரை மாதத்தில் வந்தால், அங்கே ஓடை இருப்பதே தெரியாது. சீமைக்கருவேலமும் குப்பையும்தான் தெரியும். சிறுபாலம் விடுபட்டுப்போகும். அல்லது, 50 அடி தள்ளி, அவர்களுக்குச் சௌகரியமான இடத்தில் வைப்பார்கள். ஐப்பசி மழையில் ரோட்டுக்கு மேல்புறம் இருப்பவரின் வாழைக்குள் தண்ணீர் நிற்கும். வேர் மூச்சு விடமுடியாமல் வாழை மஞ்சளடிக்கும். ரோட்டுக்குக் கீழ்ப்புறம் இருப்பவர், ‘ரெண்டு வருஷமா கிணத்துல ஊத்தே இல்லை’ என்பார். காரணம் ஒன்றேதான்.

இதைத் தடுக்கும் ஆயுதம் தாலுகா அலுவலகத்திலேயே இருக்கிறது. புல வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கும் வாய்க்கால் புறம்போக்கும் கோடு போட்டுக் காட்டப்பட்டிருக்கும். அதை எடுத்து, எந்த சர்வே எண்ணில் ஓடை ரோட்டைக் கடக்கிறது என்று குறித்து, மழை நாளில் தண்ணீர் ஓடும்போது எடுத்த போட்டோவையும் சேர்த்துக் கொடுத்தால், மறுப்பது கஷ்டம். ஒரு விவசாயி கொடுப்பதைவிட, அந்த ஓடையில் நிலம் இருக்கும் பத்துப் பேர் சேர்ந்து கொடுப்பது நல்லது. இன்னொன்றையும் கேட்க வேண்டும். சிறுபாலத்தின் அடித்தளம் ஓடையின் அடிமட்டத்துக்கே இருக்கவேண்டும். ஒன்றரை அடி உயர்த்தி வைத்துவிட்டால், பாலம் இருந்தும் அந்த ஒன்றரை அடித் தண்ணீர் மேல்புறமே நிற்கும்.

தோட்டம் இரண்டாகப் பிரிகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. கிணறு ஒரு பக்கம், தென்னை மறுபக்கம் என்று ஆகிவிட்டால், பாசனக் குழாய் கடப்பதற்குப் பெரிய குழாய் ஒன்றை ரோட்டுக்கு அடியில் முன்கூட்டியே புதைத்துத் தரும்படி எழுதிக் கேட்க வேண்டும். மண் கொட்டும்போது அது சில மணி நேர வேலை. தார் போட்டபிறகு கேட்டால் அனுமதி, கட்டணம், பக்கவாட்டில் துளை போடும் செலவு என்று இழுத்துக்கொண்டு போகும். கிணறே ரோட்டுக்குப் போகிறதென்றால், இலவச மின் இணைப்பை வேறு கிணற்றுக்கு மாற்ற மின்வாரியத்தில் உடனே விண்ணப்பம் போடவேண்டும். பணம் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதுவரை மீதித் தென்னை காயும்.

21 நாள் கணக்கு

மத்திய அரசின் தேசிய நெடுஞ்சாலை என்றால் நிலம் எடுப்பது 1956-ம் வருடச் சட்டப்படி. மாநில நெடுஞ்சாலைத் துறை எடுத்தால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001. எந்தச் சட்டம் என்பது அறிவிப்பிலேயே இருக்கும். முதலில் அதைப் படிக்க வேண்டும், ஏனென்றால் நடைமுறையும் கெடுவும் மாறும்.

தேசிய நெடுஞ்சாலையில் 3-ஏ அறிவிப்பு அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபனை கொடுக்கலாம். உள்ளூரில் வரும் இரண்டு பத்திரிகைகளில், அதில் ஒன்று தமிழில், அதன் சாரத்தை வெளியிட வேண்டும். கிராமத்தில் அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்பதுதான் சங்கடம். ஆட்சேபனை கொடுத்தவரை அழைத்து விசாரிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. அதன்பின் 3-டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அரசுக்குச் சொந்தம். பிறகு பேசுவதற்கு இழப்பீடு ஒன்றுதான் மிச்சம். 3-ஏ வந்து ஒரு வருடத்துக்குள் 3-டி வராவிட்டால் முதல் அறிவிப்பு காலாவதி.

ஆட்சேபனை என்றால் ‘ரோடே வேண்டாம்’ என்று எழுதுவது மட்டும் என்று பலர் நினைத்து, ‘அரசாங்கத்தை எதிர்த்து நமக்கென்ன’ என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். சிறுபாலம், குழாய், ஓடை, கிணற்றைத் தவிர்த்துப் போகும் மாற்றுப்பாதை எல்லாவற்றையும் அந்த மனுவிலேயே எழுதலாம். மாவட்ட ஆட்சியருக்கும் சாலைத் திட்ட அதிகாரிக்கும் நகல் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். ரோட்டை ஆதரிக்கிறவரும் இதைச் செய்யலாம், செய்யவேண்டும்.

குறைத்து எழுதிய பத்திரம் திரும்பி வந்து அடிக்கும்

இழப்பீட்டுக் கணக்கு 2013-ம் வருட நிலம் எடுப்புச் சட்டத்தின்படி வருகிறது. முத்திரைச் சட்டத்தின்படியான மதிப்பு ஒருபக்கம். அதே பகுதியில் அதேமாதிரி நிலத்துக்கு முந்தைய 3 வருடங்களில் பதிவான கிரயப் பத்திரங்களில், அதிக விலை காட்டிய பாதிப் பத்திரங்களின் சராசரி இன்னொரு பக்கம். இரண்டில் எது கூடுதலோ அதை எடுப்பார்கள். கிராமப்புறமாக இருந்தால் அந்த மதிப்பை 1 முதல் 2 வரையுள்ள ஒரு எண்ணால் பெருக்கவேண்டும். நகரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து மாநில அரசு அந்த எண்ணை நிர்ணயிக்கும். நகரப்பகுதி என்றால் 1 மட்டும்தான். மரம், கிணறு, கட்டடத்தின் மதிப்பைச் சேர்த்து, மொத்தத்துக்கும் 100 சதவிகிதம் ஆறுதல் தொகை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், அடித்தளமே நாம் எழுதும் பத்திரம்தானே! ஒரு சென்ட் 1 லட்சம் ரூபாய்க்குக் கைமாறுகிற ஊரில், முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க எல்லோரும் 40,000 ரூபாய் என்று பத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். பெருக்கும் எண்ணை 1 என்றே வைத்தால், 40,000 ரூபாயும் அதற்கு ஈடான ஆறுதல் தொகை 40,000 ரூபாயும் சேர்த்து 80,000 ரூபாய். சந்தை விலைகூட வரவில்லை. உள்ளது உள்ளபடி பதிந்திருந்தால் சென்ட்டுக்கு 2 லட்சம். விற்றவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் எழுதிய பத்திரத்தால் அடிபடுகிறவர், எதையும் விற்காமல் உழுதுகொண்டிருந்த பக்கத்துக் காட்டுக்காரர்.

மதிப்பிடும்போது நிலத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு அடங்கல்தான் சாட்சி. 15 வருடத் தென்னை நிற்கும் இடத்துக்கு அடங்கலில் ‘தரிசு’ என்று எழுதியிருப்பது நம் ஊர்களில் அதிசயமில்லை. ஒவ்வொரு பசலியிலும் பயிர், மர எண்ணிக்கை, கிணறு, ஆழ்துளைக் கிணறு சரியாக ஏறியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் பார்த்துக்கொள்ள வேண்டும். பழ மரம், தென்னைக்கு வேளாண்மை, தோட்டக்கலைத் துறையினரும், தேக்கு, வேம்பு போன்ற மரங்களுக்கு வனத்துறையினரும், கட்டடத்துக்குப் பொதுப்பணித்துறையினரும் மதிப்புப் போடுவது வழக்கம். அவர்கள் வரும் நாளில் குடும்பத்தில் ஒருவர் கூடவே நடந்து, எண்ணிக்கையைத் தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது.

கூட்டுப் பட்டா வைத்திருக்கும் குடும்பங்கள் கல் நடும் வரை காத்திருக்கக் கூடாது. அண்ணன் தம்பி வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டு 30 வருடமாக அவரவர் பாகத்தை உழுதிருப்பார்கள். ரோடு போவது தம்பி பாகத்தில். ஆனால், நோட்டீஸ் அப்பா பேருக்கு வரும். பங்கில் தகராறு என்றால் பணம் சிவில் நீதிமன்றத்துக்குப் போய்விடும். பெண் பிள்ளைகளின் பங்கையும் மறைத்துவைக்க முடியாது, மறைப்பது நியாயமும் இல்லை. உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்க, ரோடு பற்றிய பேச்சு வருவதற்கு முந்தைய காலமே தோதானது. அப்போதுதான் அக்கா தங்கையும் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போடுவார்கள்.

தேசிய நெடுஞ்சாலை இழப்பீடு குறைவு என்றால், மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் முறையிடலாம். பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர்தான் நடுவர். தோட்டம் துண்டானதால் மீதி நிலத்துக்கு வந்த சேதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மூலையில் 7 சென்ட் முக்கோணமாக மிஞ்சி, அதில் டிராக்டர் திரும்பக்கூட முடியாதென்றால், அதை எழுதிக் கேட்க வேண்டும். கேட்காததைச் சேர்த்துக் கொடுக்க யாருக்கும் நேரமில்லை.

எல்லைக்கோடு நகர்ந்தால்...

மாநகராட்சி எல்லைக்குத் திரும்புவோம். விவசாய நிலத்தை விற்றால் வருமான வரி இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். அது கிராமப்புற நிலத்துக்கு மட்டும். 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரமென்றால், அதன் எல்லையிலிருந்து நேர்கோட்டுத் தூரத்தில் 8 கி.மீட்டருக்குள் இருக்கும் விவசாய நிலம் வரிக்கணக்கில் கிராமப்புற நிலம் ஆகாது. 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை என்றால் 6 கி.மீ., 10,000 முதல் 1 லட்சம் வரை என்றால் 2 கி.மீ. ரோட்டில் அளக்கும் தூரமல்ல, காக்கை பறக்கும் தூரம். கோவை போன்ற மாநகராட்சியின் எல்லை ஐந்து கிலோமீட்டர் நகர்ந்தால், இந்த 8 கி.மீ. வளையமும் கூடவே நகரும். நேற்று வரை வரி வளையத்துக்கு வெளியே இருந்த சோளக்காடு இன்று உள்ளே. உழுகிறவர் எதுவுமே செய்யவில்லை!

விற்றே ஆகவேண்டிய நிலை என்றால், விற்றதற்கு முந்தைய இரண்டு வருடம் அந்த நிலத்தில் தானோ பெற்றோரோ விவசாயம் செய்திருந்து, விற்ற இரண்டு வருடத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், அந்த அளவுக்கு வரிவிலக்கு கேட்கலாம். 2013-ம் வருடச் சட்டப்படியான இழப்பீட்டுக்கு, அதன் 96-வது பிரிவில் வருமான வரி விலக்கும் உண்டு. செக் வாங்கும் முன்பு ஒரு ஆடிட்டரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவது, பிறகு ஓடுவதைவிட மலிவு.

இட்டேரியை விட்டுவிடாதீர்கள்

ரோடு வந்த இரண்டாம் வருடம் லே-அவுட் வரும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் விற்றுவிட்டார். அங்கே கொடிகட்டி, ‘ஏர்போர்ட்டிலிருந்து 20 நிமிடம்’ என்று போர்டு வைத்துவிட்டார்கள். விற்றவரைக் குறை சொல்ல முடியாது. வேலைக்கு ஆள் இல்லை, பிள்ளைகள் ஐ.டி. கம்பெனியில், வயது 65. ஆனால், மனையின் பாதை எந்த வழியாக வருகிறது என்பதைப் பக்கத்துக்காரர் கவனிக்கவேண்டும். பெரும்பாலும் அது இட்டேரியாக இருக்கும்.

இருபுறமும் கிளுவையும் கள்ளியும் அடைந்த அந்தக் குறுகிய மாட்டுப் பாதையை கொங்கு நாட்டு விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வேலிக்குள் ஓணான், கீரி, ஆந்தை, செம்போத்து எல்லாம் இருக்கும். எலியையும் புழுவையும் பிடிக்க அவை கூலி கேட்டதில்லை. வேலியைப் பிடுங்கி, மண்ணைக் கொட்டி 30 அடிச் சாலையாக்கும்போது, பட்டா நிலத்தில் ஐந்தடி உள்ளே வருவதும் நடக்கிறது. புறம்போக்குப் பாதையா, பட்டா நிலத்தில் விட்ட பாதையா என்று புல வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, சர்வேயர் கட்டணம் கட்டி அளந்து, கல்லை நட்டுவிட வேண்டும். ‘ஒரு கையெழுத்துப் போடுங்க, உங்க காட்டுக்கும் ரோடு வந்துரும்’ என்று வருகிறவரிடம் தானப் பத்திரம் எழுதிக் கொடுப்பவர்கள், எழுதியதை வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கொடுக்கட்டும்.

மனை வாங்க நினைக்கும் கிராமத்துக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கீகாரம் இல்லாத மனைகளில், 20.10.2016-க்கு முன்பு இருந்தவற்றை மட்டுமே வரன்முறைப்படுத்த 2017-ல் விதி வந்தது. அதற்குப் பிறகு பிரித்த மனைக்கு அங்கீகார எண்ணைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தைக் கிணற்றில் போடுவதுதான்.

புறநகர் வந்ததால் எல்லாமே கெட்டதா என்றால் இல்லை. மீதி இரண்டு ஏக்கருக்கு வாசலிலேயே சந்தை வந்துவிட்டது. மஞ்சளோ கரும்போ போட்டு ஆளுக்குத் தவிப்பதைவிட, 25 - 30 நாளில் அறுவடையாகும் கீரை, கறிவேப்பிலை, பூ, இளநீர்க்கான குட்டைத் தென்னை, இரண்டு கறவை மாடு என்று மாறுகிறவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். ஆர்.எஸ்.புரம், வடவள்ளி, சிங்காநல்லூர் உழவர் சந்தைகளுக்கு விடியும் முன் மொபெட்டில் போய்த் திரும்பிவிடலாம். தினமும் கையில் காசு. எட்டிப் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, மேல்புற மனைகளிலிருந்து சாக்கடை வாய்க்காலில் கலக்கிறதா என்பது. கலந்தால் அந்தத் தண்ணீரைக் கீரைக்கு விடக்கூடாது. இன்னொன்று, கட்டட வேலைக்கு லாரித் தண்ணீர் விற்பது. லோடு கணக்கில் வரும் காசு இனிக்கும்தான். ஆனால், பக்கத்துக் கிணறுகளோடு சேர்ந்து நம் கிணறும் மாசி மாதத்திலேயே தரை தட்டினால், கீரைக்கும் மாட்டுக்கும் எங்கே போவது?

ரோட்டின் இந்தப்பக்கம் மிஞ்சிய காட்டுக்குப் புது எல்லையில் கம்பிவேலி போடுவதோடு நிறுத்தாமல், பருவமழைக்கு முன் இரண்டடிக்கு ஒன்றாகக் கிளுவைப் போத்து ஊன்றிவைத்தால், இரண்டு மழையில் வேலி அடைந்துவிடும். வண்டிகள் கிளப்பும் புழுதியில் பாதியை அது பிடித்துக்கொள்ளும். ரோட்டோரத்து முதல் நாலு வரிசையில் கீரையைப் போடாமல் தீவனப்புல்லோ அகத்தியோ வைக்கலாம். ஆவணி, புரட்டாசியில் சிறுபாலத்துக்குள் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள். பிளாஸ்டிக்கும் கட்டட மண்ணும் பாதிக்குமேல் அடைத்திருந்தால், போட்டோ எடுத்து, கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் குறிப்பிட்டு, சாலைப் பராமரிப்பு அலுவலகத்துக்கு மனு அனுப்புங்கள். ஐப்பசி பிறந்த பிறகு அதைத் தோண்ட ஆள் வரமாட்டார்கள்.